வார்ப்பும் உறைவும்: உலோக வார்ப்புச் சொற்களின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

உலோக வார்ப்பியல் பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்க முனையும் ஒருவர், முதல் இயலிலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வார். உருகிய உலோகத்தை ஏற்று அதற்கு வடிவம் தரும் அச்சுக்குக் 'கரு' என்பது தமிழில் பழஞ்சொல். வார்க்கும் அச்சு என்னும் பொருளை அகரமுதலிகள் அச்சொல்லுக்குத் தருகின்றன. வார்ப்பின் உள்ளே வெற்றிடம் அமைவதற்காக அச்சினுள் வைக்கப்படும் மண்திரளை ஆலைத் தொழிலாளர் 'கோர்' என்பர். அணுவுலை முதலிய துறைகளில் அவ்வாங்கிலச் சொல்லைக் 'கரு', 'கருவகம்' என மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். உருகிய உலோகம் குளிரும்போது அங்கங்கே தோன்றும் முதல் திண்மத் துகள்களோ, 'அணுக்கரு', 'உட்கரு' என்பவற்றை ஒட்டிக் 'கரு' என்றே பெயர்பெறும். ஆக, 'கருவில் வார்க்கப்பட்ட உலோகம் கருவைச் சூழ்ந்து நிரம்பிக் கருவுண்டாகி இறுகுகிறது' என்று ஒரு தொடர் எழுத நேரிடும். மூன்று கருக்களும் மூன்று வேறு பொருள்கள். படிக்கும் மாணவன் என்ன செய்வான்?

இதனை ஒரு கலைச்சொல் விபத்து என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் விபத்துக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. வார்ப்புத் தொழில் தமிழ்ப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது நடந்துவருவது. அத்தொழிலுக்கெனச் சொற்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அறிவியல் தமிழ் அச்சொற்களைப் பெரும்பாலும் கலந்துகொள்ளாமலே வளர்ந்தது. இக்கட்டுரை அச்சொற்கள் சிலவற்றின் வரலாற்றையும், அவை குறிக்கும் தொழில்முறைகளின் இயல்பையும் ஒருங்கே நோக்க முயல்கிறது. செய்முறை தெரியாமல் சொல்லை எடைபோட இயலாது என்பதால் உலோகம் உறையும் விதம் பற்றியும் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது.

வார், ஊற்று, உருக்கு

'வார்' என்னும் வினை நீர்மப் பொருளைச் சாய்த்து விடுதலைக் குறிப்பது. ஆயினும் 'ஊற்று', 'சொரி', 'பெய்' என்பவற்றினின்று அது வேறுபடும். ஊற்றப்படுவது எங்கும் சென்று சேரலாம். வார்க்கப்படுவது ஓர் ஒழுங்கில் நீண்டு சென்று வடிவம் கொள்வது. தாரை வார்த்தலும் தோசை வார்த்தலும் இவ்வேறுபாட்டைக் காட்டும். தோசையை ஊற்றுவதாகவும் சொல்வதுண்டு எனினும், வார்த்தல் என்னும்போது கல்லில் விழுந்த மாவு வட்ட வடிவில் இறுகுவதுவரை அச்சொல்லுள் அடங்குகிறது. நீண்ட தோற்கீற்றைக் குறிக்கும் 'வார்' என்னும் பெயரும் நெடுமைப் பொருளையே சுட்டுகிறது. 'வார்த்தை' என்பதை இவ்வினையோடு இணைத்துச் சொல்லாவது எண்ணத்தின் வார்ப்பு என மேடைகளில் நயம் கூறுவதுண்டு. 'வார்த்தை' வடசொல், அந்நயத்துக்கு மொழியியலில் இடமில்லை.

மலையாளத்தில் 'வார்ப்பு' என்பது வார்த்தல் தொழிலைக் குறிப்பதோடு, கோயில்களிலும் விருந்துகளிலும் பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கலக் கலத்துக்கும் பெயராகிவிட்டது. தொழிற்பெயர் பொருட்பெயரானதற்கு இஃது ஒரு தெளிவான சான்று. அங்கே கூரைக்குக் கற்காரை இடுவதும் 'வார்க்க' எனப்படுகிறது. கன்னடத்தில் வார்ப்பு 'எரக' ஆகும். அதன் அடியும் ஊற்றுதல் என்னும் பொருளுடையது. தெலுங்கின் 'போத' என்பதும் ஊற்றுதல் பொருள்தரும் 'போயு' என்னும் வினையடியாகப் பிறந்தது. இந்தியின் 'டலாயி'யும் சாய்த்து ஊற்றுதலைக் குறிக்கும் வினையினின்று வந்ததே. இம்மொழிகள் அனைத்தும் இத்தொழிலுக்குப் பெயரிடும்போது உலோகத்தை உருக்கும் செயலை விட்டு ஊற்றும் செயலைத் தேர்ந்துள்ளமை நோக்கத்தக்கது. ஆங்கிலம் இதில் இரண்டு வழி சென்றது. அதன் 'காஸ்ட்' என்னும் சொல் எறிதல் என்னும் பொருளில் வடபுல மொழிகளிலிருந்து வந்தது. 'பவுண்டரி' என்பதோ ஊற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்தது. கணிப்பொறியில் நாம் நாள்தோறும் கையாளும் 'பான்ட்' என்னும் சொல்லும் அவ்வேரினதே; பிரெஞ்சு மொழியில் அதன் மூலச்சொல்லுக்கு வார்ப்பு என்பது பொருள்.

'உருக்கு' என்னும் சொல்லின் கதை வேறு. 'உருகு' என்னும் தன்வினைக்குப் பிறவினையாகிய இது, பெயராகி, இரும்பின் ஒரு வகைக்கு வழங்கலாயிற்று. இந்தப் பெயரில் ஒரு தொழில்நுட்ப உண்மை பொதிந்துள்ளது. பழைய உலைகளில் கிடைத்த தேனிரும்பு உருகியதன்று. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரியும் துருத்தியும் கொண்டு அவ்வளவு வெப்பத்தை எட்டுவது அரிது. ஆகவே தாதுவிலிருந்து பிரிந்த இரும்பு, கசடு கலந்த பஞ்சுபோன்ற திண்மமாகவே உலையில் தங்கிற்று. அதைச் சம்மட்டியால் அடித்துக் கசடை நீக்கினர். இவ்விரும்பைத் துண்டுகளாக்கி, ஆவாரை போன்ற செடிகளின் கட்டையையோ இலையையோ சேர்த்து, மண்மூசையில் இட்டு வாயை மூடி நெடுநேரம் சுட்டபோது, கரிமம் இரும்பினுள் ஏறிற்று. கரிமம் ஏற ஏற உருகுநிலை தாழும். அந்நிலையில் மூசையினுள் இருந்தது முழுவதும் நீர்மமாகிப் பின் மெல்லக் குளிர்ந்து ஒரே கட்டியாயிற்று. நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரிமம் கொண்ட அக்கட்டியே உருக்கு. இரும்பு வகைகளுள் உருகியது அதுவே. பெயரும் அதற்கே பொருந்தும்.

கன்னடத்திலும் தெலுங்கிலும் இது 'உக்கு' என வழங்கும். 1795இல் இலண்டன் அரசக் கழகத்தின் ஆய்விதழில் ஜார்ஜ் பியர்சன் இவ்வகை எஃகைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே அதன் பெயர் 'வூட்ஸ்' என்று காணப்படுகிறது. இச்சொல் இந்திய மொழி எதிலும் அவ்வடிவில் இல்லை. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, 'வூக்' என எழுதப்பட்டது படியெடுப்பில் 'வூட்ஸ்' எனப் பிழைபட்டிருக்கலாம் எனக் கருதிற்று. ஓர் எழுத்துப் பிழை உலக உலோகவியலில் நிலைத்த கலைச்சொல்லாகிவிட்டது என்றால், சொல்லாக்கக் குழுக்களின் பெருமுயற்சிகளை எண்ணிப் புன்முறுவல் பூக்கத்தான் தோன்றுகிறது.

இன்று தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் 'எஃகு' மேலோங்கிவிட்டது. பழைய வழக்கில் எஃகு கூர்மையையும் படைக்கலத்தையும் சுட்டிய சொல். 'உருக்கு' ஆலைப் பெயர்களில் எஞ்சியுள்ளது. 'சேலம் உருக்காலை' என்னும் பெயரை உருக்கும் ஆலை என்று பிரித்துப் பொருள் கொள்வார் உளர். 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை, வேறிடங்களிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் பணியையே நெடுங்காலம் செய்துவந்தது. உருக்கும் பிரிவு 2010ஆம் ஆண்டளவில்தான் அங்கு அமைந்தது. பெயரைப் பெயராகக் கொள்ளாமல் வினையாகக் கொண்டால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பெயர் பொய்யாகியிருக்கும்.

மெழுகும் மண்ணும்

இந்தியத் துணைக்கண்டத்தில் மெழுகு கொண்டு வார்க்கும் முறையின் தொன்மைக்கு மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த, ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டர் உயரமுள்ள நடனமாதின் வெண்கல உருவைச் சுட்டுவது வழக்கம். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுச் சோழர் படிமங்களில் இம்முறை உச்சம் எய்திற்று. சுவாமிமலையில் இன்றும் தபதிகள் இதனைக் கைக்கொள்கின்றனர். மத்திய இந்தியாவிலும் வங்கத்திலும் 'டோக்ரா' என வழங்கும் பழங்குடியினர் வார்ப்பும் இவ்வகையினதே.

இம்முறைக்கு வடமொழிச் சிற்ப நூல்கள் தரும் பெயர் 'மதூச்சிட்ட விதானம்'. மதூச்சிட்டம் என்பது தேன் எடுத்தபின் எஞ்சியது, அதாவது தேன்மெழுகு. தமிழில் 'மெழுகு' என்பதே தரையைச் சாணத்தால் பூசித் தூய்மை செய்தலைக் குறிக்கும் வினையின் வடிவமும் ஆகும். வடமொழி, மெழுகு எதனின்று வந்தது என்று நோக்குகிறது. தமிழ், அது எதற்கு ஆகிறது என்று நோக்குகிறது. ஐரோப்பிய மொழிகளோ இம்முறைக்கு 'இழந்த மெழுகு' என்று பெயரிட்டன. இப்பெயர் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து 'மெழுகு இழப்பு வார்ப்பு' என்று தமிழுக்கும் வந்துசேர்ந்தது. இம்மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடன்று. தபதியின் பட்டறையில் மெழுகு இழக்கப்படுவதில்லை. அச்சைச் சுடும்போது வடியும் மெழுகு ஏனத்தில் பிடிக்கப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. மீளாமல் அழிவது மண் அச்சுத்தான். படிமத்தை எடுக்க அதனை உடைத்தாக வேண்டும்; ஆகவேதான் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. பழைய நூல்கள் மெழுகு வேலையை முன்னிறுத்திப் பெயரிட்டன. அதனைப் பின்பற்றி 'மெழுகு வார்ப்பு' என்று அமைத்தலே போதும்.

செய்முறையைச் சுருங்கக் கூறின்: தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சிப் பதப்படுத்திய கலவையால் உருவம் சமைக்கப்படும். உறுப்புகளின் அளவு தாலக் கணக்கின்படி தென்னையோலை நறுக்கில் மடித்துக் குறிக்கப்படும். இதனை ஒடியோலை என்பர். மெழுகுருவின் மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண் மெல்லியதாகப் பூசப்படும். முதற்பூச்சே முகத்தின் நயத்தையும் அணிகளின் நுணுக்கத்தையும் பிடித்துக்கொள்வது. அது நிழலில் உலர்ந்தபின் வயல்மண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள் இடப்பட்டு, பெரிய படிமமாயின் இரும்புக் கம்பிகளால் கட்டப்படும். பின்னர் எருவாட்டித் தீயில் சுட்டு மெழுகை வடித்து, சூடு ஆறுமுன் அச்சைக் குழியில் புதைத்து நிறுத்தி, மூசையிலிருந்து உலோகத்தை மெல்லிய தாரையாக இடையறாது வார்ப்பர்.

அச்சு சூடாக இருக்க வேண்டும் என்பதன் காரணம் உறைவின் இயல்பில் உள்ளது. குளிர்ந்த மண்ணில் உலோகம் பட்டால் விரல், சடை, தீச்சுடர் போன்ற மெல்லிய பகுதிகளை அடையுமுன் வழியிலேயே இறுகிவிடும். தாரை இடையில் அற்றுப்போனால் முதலில் விழுந்ததன் மேற்பரப்பு இறுகி, அடுத்து விழுவது அதனோடு ஒன்றாமல் ஒரு கோடு தங்கும்.

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் 'மானசோல்லாசம்' பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. மெழுகு வார்ப்பை அது முறைப்படி விளக்குகிறது. அதில் மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் செய்தி ஒன்றும், உலோகவியலார்க்குப் பயன்படும் செய்தி ஒன்றும் உள்ளன. முதலாவது: உலோகம் செல்லும் வழிகள் 'நாளம்' எனப்படுகின்றன. தாமரைத்தண்டைக் குறிக்கும் இச்சொல் தமிழில் 'இரத்த நாளம்' என உடலியலில் ஏற்கெனவே வாழ்கிறது. ஆலைகளில் 'ரன்னர்' என்பதற்கு 'ஓடுவான்', 'ஓட்டி' என்றெல்லாம் ஆக்கித் தவிப்பதினும் 'நாளம்' என்பது செயலுக்கும் வடிவுக்கும் ஒருங்கே பொருந்தும். இரண்டாவது: மெழுகுருவின் எடையை நிறுத்து, அதனைப் போலப் பத்து மடங்கு செம்பும், பன்னிரு மடங்கு வெள்ளியும், பதினாறு மடங்கு பொன்னும் கொள்ளுமாறு அந்நூல் கூறுகிறது. மெழுகின் அடர்த்தி நீரினதைவிடச் சற்றே குறைவு. செம்பின் அடர்த்தி நீரினதைப்போல் 8.9 மடங்கு, வெள்ளியினது 10.5 மடங்கு, பசும்பொன்னினது 19.3 மடங்கு. நாளங்களில் தங்கும் உலோகத்தையும் உறையும்போது ஏற்படும் சுருக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், செம்புக்குப் பத்தும் வெள்ளிக்குப் பன்னிரண்டும் செம்மையான கணக்குகள். பொன்னுக்குப் பதினாறு குறைவு. வார்க்கப்பட்டது பசும்பொன் அன்று, செம்போ வெள்ளியோ கலந்த மாற்றுக் குறைந்த பொன் என்று கொண்டால் இவ்வெண் பொருந்திவரும். ஓர் எண்ணை மொழிபெயர்க்கும்போதும் அதன் பின்னுள்ள பொருளை அறிந்திருத்தல் நலம் என்பதற்காக இதனைக் குறித்தேன்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் எழுந்தருளுவித்த படிமங்களைப் பற்றிய கல்வெட்டுகள், ஒவ்வொன்றின் உயரத்தையும் பாதம் முதல் கேசம் வரை அளந்து முழத்திலும் விரலிலும் குறிக்கின்றன. படிமம் 'கனம்' ஆனதா என்பதும் குறிக்கப்பெறுகிறது. இன்று 'கனம்' என்றால் நாம் எடையை நினைப்போம். அங்கே அது உள்ளே வெற்றிடம் இன்றி முழுதும் உலோகமாய் நிறைந்த வார்ப்பைக் குறிக்கும் தொழிற்சொல். கல்வெட்டை மொழிபெயர்ப்போர் இதனைப் 'பாரமான படிமம்' என்று கொண்டால் அளவுக் கணக்கே பிறழ்ந்துவிடும்.

ஈயம் இரண்டு

செம்பினும் வெண்கலம் வார்ப்புக்கு உகந்தது. செம்பு 1084 பாகையில் உருகுவது. உருகிய நிலையில் வளிகளை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். உறையும்போது அவ்வளி வெளியேறிக் குமிழ்களை விட்டுச்செல்லும். வெள்ளீயம் கலந்தால் உருகுநிலை தாழ்கிறது, ஓட்டம் மிகுகிறது, உறைந்தபின் உறுதியும் கூடுகிறது. காரீயம் செம்போடு திண்ம நிலையில் கரைவதில்லை. செம்பும் வெள்ளீயமும் இறுகிய பின்னும் அது 327 பாகை வரை நீர்மத்துளிகளாகப் படிகங்களின் இடையே தங்கியிருந்து இறுதியில் இறுகுகிறது. அதனால் சிறு துளைகள் அடைபடுகின்றன. உளி இடுவதும் எளிதாகிறது.

இவ்விரு உலோகங்களையும் தமிழ் 'ஈயம்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கி, நிறத்தால் வெள்ளீயம், காரீயம் எனப் பிரிக்கிறது. வேதியியலில் இவை வெவ்வேறு தனிமங்கள். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தாலானது. அடைமொழியை விட்டு 'ஈயம்' என்று மட்டும் எழுதுவது அடுக்களையில் மரபு; கலைச்சொல் தொகுதியில் பிழை; நச்சுப்பொருள் பற்றிய கட்டுரையிலோ தீங்கு. பல மொழிபெயர்ப்புகளில் காரீய நச்சுத்தன்மை 'ஈய நச்சு' என்றே எழுதப்படுகிறது. படித்துவிட்டுச் சொம்பைப் பரணில் ஏற்றியவரும் இருக்கக்கூடும்.

தொழிற்பிரிவும் இவ்வேறுபாடுகளை அறிந்திருந்தது. சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரைக் கூறும்போது வெண்கல வேலை செய்வோரையும் செம்பு வேலை செய்வோரையும் தனித்தனியே சுட்டுகிறது. வெள்ளீயத்தின் அளவு நூற்றுக்குப் பதினைந்தைக் கடந்தால் வார்த்த வெண்கலம் எளிதில் நொறுங்கும். ஆகவே படிமங்களில் அது குறைவாகவே உள்ளது என்பதைத் தென்னிந்தியப் படிமங்களை ஆராய்ந்த சாரதா சீனிவாசன் முதலியோரின் பகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கீழே விழுந்தால் உடையும் அந்தக் கலவையே மெருகேற்றினால் முகம் காட்டுகிறது.

உறைதல், திரளுதல், இறுகுதல்

இனி, நம் மொழியில் நீர்மம் திண்மமாகும் நிகழ்ச்சியைக் குறிக்கும் வினைகளை நோக்குவோம். பால் உறைகிறது அல்லது தோய்கிறது. வெண்ணெய் திரள்கிறது. வெல்லப்பாகும் சுண்ணச்சாந்தும் இறுகுகின்றன. நெய் உறைகிறது, குருதியும் உறைகிறது. கஞ்சி கெட்டிப்படுகிறது. ஆங்கிலத்தின் ஒரு பொதுச்சொல்லுக்கு இங்கே ஒரு சொற்குழாம் நிற்கிறது. பாடநூல் தமிழ் இவற்றுள் 'உறைதல்' என்பதைப் பனிக்கட்டியாதலுக்கு நிறுத்தி 'உறைநிலை' என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டது. பொதுச்சொல் தேவைப்பட்ட இடத்தில் 'திண்மமாதல்' வந்தது. 'திண்மமாதல்' பிழையற்ற சொல். ஆயினும் அது முடிவைச் சொல்கிறதே அன்றி நடப்பைச் சொல்லவில்லை.

நடப்பது என்ன? உருகிய உலோகம் அச்சின் சுவரை ஒட்டி முதலில் குளிர்கிறது. அங்கே எண்ணற்ற நுண்ணிய படிகக் கருக்கள் தோன்றுகின்றன. வெப்பம் வெளியேறும் திசைக்கு எதிராக, உள்நோக்கி, அவை வளர்கின்றன. வளரும்போது மரம்போல் தண்டு விட்டு, கிளை விட்டு, கிளையில் சிறுகிளை விட்டுப் பரவுகின்றன. இரசிய உலோகவியலார் செர்னோவ் 1878ஆம் ஆண்டளவில் ஒரு பேரெஃகுக் கட்டியின் சுருக்கக் குழியில் கிடைத்த, 39 சென்டிமீட்டர் நீளமுள்ள மரவடிவப் படிகத்தை விவரித்தார். இத்தகைய படிகத்துக்கு மேலைமொழிகளில் வழங்கும் பெயர் மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக அமைந்தது. தமிழில் 'கிளைப்படிகம்' என்பது பொருத்தமானது. மரத்தைச் சொல்லாவிட்டாலும் கிளைத்தலைச் சொல்லிவிடுகிறது.

தூய உலோகம் ஒரே வெப்பநிலையில் உறையும். கலவை அவ்வாறன்று. நூற்றுக்குப் பத்துப் பங்கு வெள்ளீயம் கொண்ட வெண்கலம் ஏறத்தாழ 1000 பாகையில் உறையத் தொடங்கி, நூறு பாகைக்கு மேல் இறங்கியபின்னரே முற்றும் உறைகிறது. இடைப்பட்ட நேரத்தில் அது நீர்மமும் அன்று, திண்மமும் அன்று; கிளைப்படிகங்களின் நடுவே எஞ்சிய நீர்மம் நிற்கும் ஒரு கூழ்நிலை. இந்நிலைக்குத் தமிழ்ச் சமையலறையில் நுண்மையான அறிவு உண்டு. வெல்லப்பாகைக் கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று விரலால் அறிந்து இறக்குகிறார்கள். உறைதலை ஒரு நொடி நிகழ்ச்சியாக அன்றித் தொடர்ச்சியான பதங்களாகக் காணும் அந்நோக்கு கலவை உலோகத்துக்கு மிக அணுக்கமானது. பனிக்கட்டியை முன்மாதிரியாகக் கொண்ட 'உறைநிலை' இவ்விடத்தில் நமக்கு உதவுவதில்லை.

பனிக்கட்டி வேறொரு வகையிலும் நம்மை ஏமாற்றுகிறது. நீர் உறையும்போது விரிவடையும். உலோகங்களுள் பெரும்பாலானவை சுருங்கும். செம்பு நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து பங்கு சுருங்குகிறது. வெளிப்புறம் முதலில் இறுகிவிடுவதால் இச்சுருக்கம் உள்ளே குழியாக வெளிப்படும். அதனைத் தவிர்க்க, வார்ப்பினும் பிந்தி உறையும்படி பருத்த ஒரு தேக்கத்தை அச்சில் அமைத்து, அங்கிருந்து நீர்மம் வார்ப்புக்குள் சென்று குறையை நிரப்புமாறு செய்வர். ஒரு பொருள் உறைய எடுக்கும் நேரம், அதன் பருமனுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள விகிதத்தின் இருமடியைப் பொறுத்தது எனச் செக் நாட்டு அறிஞர் குவோரினோவ் 1940இல் நிறுவினார். ஆகவே தேக்கத்தின் விகிதம் வார்ப்பினதைவிட மிகுந்திருக்க வேண்டும்.

இத்தேக்கத்துக்குக் கோவை வார்ப்பாலைகளில் 'ரைசர்' என்று பெயர். வார்க்கும்போது உலோகம் அதில் எழும்பித் தெரிவதால் ஆங்கிலத்தில் அப்பெயர் வந்தது. 'எழும்பி', 'உயர்த்தி' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதன் உண்மைப் பணியாகிய ஊட்டுதல் மறைந்துபோகிறது. ஆங்கிலத்திலேயே அதற்கு ஊட்டுவது என்னும் பொருள்தரும் மறுபெயரும் உண்டு. அதனைப் பின்பற்றி 'ஊட்டுத்தேக்கம்' எனலாம். (சொற்பிரிப்பில் 'எழுவாய்' என்பது உலோகம் எழும் வாய்க்கு அழகாகவே பொருந்தும். இலக்கண ஆசிரியர்கள் விட்டுத்தர மாட்டார்கள்.)

பால் உறைவதைப் பற்றிய சொல்லொன்று இங்குக் கைகொடுக்கிறது. சாம்பல்நிற வார்ப்பிரும்பில் கரிமம் மென்மையான கிராபைட்டுத் தகடுகளாகப் பிரிய வேண்டும். விரைந்து குளிர்ந்தால் அவ்வாறு பிரியாமல் கடினமான வெள்ளை இரும்பாகிவிடும். இதனைத் தடுக்க, வார்ப்பதற்குச் சற்று முன் சிலிக்கன் இரும்புத்தூளைச் சிறிதளவு தூவுவர். அது கிராபைட்டுக் கருக்கள் தோன்ற இடந்தருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் அம்மை குத்துதலுக்கு உரியதுதான். ஆகவே 'தடுப்பூசியிடல்' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதினால் அவரைக் குறைகூற இயலாது. ஆயினும் நடப்பது தடுப்பன்று, தூண்டுதல். காய்ச்சிய பாலில் ஒரு துளி மோர் இட்டு முழுவதையும் உறையச் செய்வதற்குத் தமிழில் உறையிடுதல், பிரையிடுதல் என்னும் சொற்கள் உள்ளன. சிறிதளவு சேர்ப்பதும், சேர்த்தபின் காலந்தாழ்த்தலாகாது என்பதும் இரண்டிற்கும் பொது. 'பிரையிடல்' என்பதை ஆலைப் பயிற்சி நூல்களில் தயங்காமல் கையாளலாம்.

எழுத்து வார்ப்பு

மொழியோடு தொழில்பட்ட நம் போன்றோர்க்கு மிக அணுக்கமான வார்ப்பு எழுத்து வார்ப்பே. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூலுக்கான தமிழ் எழுத்துகள், முந்தைய ஆண்டில் கோவாவிலும் அவ்வாண்டில் கொல்லத்திலும் வார்க்கப்பட்டவை. தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்து தாளை விழுங்கியதால் பொறையாற்றில் சிறிய எழுத்துகள் புதிதாக வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாட்டு அச்சு வேலை 1715இல் நிறைவுற்றது.

எழுத்து வார்ப்பின் முறை இது: எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்கி, அதனைச் செப்புத் தகட்டில் அறைந்து பள்ளமான படிவம் பெறுவர். அப்படிவத்தைக் கையச்சின் அடியில் பொருத்தி உலோகத்தை வார்ப்பர். காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் ஆகிய மூன்றும் கலந்த உலோகம் அது. காரீயம் தனியே மென்மையானது, உறையும்போது சுருங்கி எழுத்தின் முனைகளை மழுங்கச் செய்வது. ஆன்டிமனி உறையும்போது விரியும் அரிய தனிமங்களுள் ஒன்று. அது சேர்வதால் கலவையின் சுருக்கம் குறைந்து எழுத்து கூர்மையாக அமைகிறது. இக்கலவை 250 பாகையை ஒட்டி, அதிக இடைவெளியின்றி, ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் உறைவதால் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வார்க்கலாம்.

அச்செப்புப் படிவத்துக்கு ஆங்கிலம் 'மேட்ரிக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லை ஆள்கிறது. அதன் பொருள் கருப்பை. தமிழர் வார்க்கும் அச்சைக் 'கரு' என்றதும், ஐரோப்பியர் கருப்பை என்றதும் ஒன்றையொன்று அறியாத இருவேறு மரபுகள் ஒரே உருவகத்தை வந்தடைந்தமையைக் காட்டும். ஒரு வேறுபாடு உண்டு: இலத்தீன் வழக்கு ஏற்கும் இடத்தைச் சொல்கிறது, தமிழ் வழக்கு அவ்விடத்தை உருவாகும் பொருளின் பெயராலேயே அழைக்கிறது.

இவ்வளவும் அறிந்தபின் தொடக்கத்தில் கூறிய மூன்று கருக்களுக்குத் திரும்பலாம். பழைமை கருதி வார்ப்பச்சுக்கே 'கரு'வை மீட்டுத் தருதல் வேண்டும் என்பார் உளர். எனக்கு அதில் பற்று உண்டாயினும் பரிந்துரைக்கத் துணிவில்லை. படிக வளர்ச்சியில் 'கரு' வேரூன்றிவிட்டது. உயிரியலும் இயற்பியலும் அதற்குத் துணைநிற்கின்றன. அச்சொல்லைப் பெயர்த்தெடுத்தால் பல துறைகள் குலையும். வார்ப்பச்சுக்கு 'அச்சு' என்பதே ஆலையிலும் பட்டறையிலும் அச்சுவெல்லம் செய்வோரிடத்தும் வழங்குகிறது. வண்டியின் அச்சும் அச்சுக்கூடத்தின் அச்சும் உடனிருப்பினும் சூழல் மயக்கத்தைத் தீர்த்துவிடும். எஞ்சுவது உள்ளே வைக்கும் மண்திரள். வெளியச்சுக்கு எதிராக நின்று வெற்றிடத்தின் வடிவை முடிவு செய்வதால் அதனை 'உள்ளச்சு' எனலாம். அப்போது தொடர் இவ்வாறு அமையும்: அச்சில் வார்க்கப்பட்ட உலோகம் உள்ளச்சைச் சூழ்ந்து நிரம்பி, சுவரை ஒட்டிக் கரு தோன்றி, கிளைத்து, கூழாகி, இறுகுகிறது. கோவை ஆலையில் 'கோர்' என்று பழகிய ஒருவரிடம் 'உள்ளச்சு' என்றால் அவர் ஒரு கணம் தயங்கக்கூடும். பெட்டியைத் திறந்து காட்டியதும் அவருக்கு விளங்கிவிடும். 'கருவகம்' என்று சொல்லியிருந்தால் பெட்டியைத் திறந்து காட்டியபின்னும் விளங்கியிராது.